கொழுந்துக் கணக்கு முதலில் எங்கே பதிய வேண்டும்? இணைப்பு அறுந்தாலும் கிலோ தொலையாத வழிகள்: ஓர் ஒப்பீடு

தேயிலைக் கொழுந்து நிறுப்பதை மின்தராசுக்கும் டெப்லட்டுக்கும் மாற்ற நினைக்கும் மலையகத் தோட்டங்களில் ஒரே கேள்வி பல உருவத்தில் எழுகிறது. டெப்லட்டில் அழுத்தியதும் கிலோ நேரே கொழும்பு சேவரில் போய் விழ வேண்டுமா? தொழிற்சாலை ஆபீசில் ஒரு சேவர் வைக்க வேண்டுமா? இரண்டு சிம் போட்ட ரவுட்டர் ஒன்று வாங்கினால் போதாதா? விலைக்குறிப்போடு வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் வழிதான் சரி என்கிறார்கள். முடிவெடுக்க வேண்டிய துரைக்கோ பெரிய கிளாக்கருக்கோ அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைப்பதில்லை. அதைத் தரவே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு, நிறுவை நடக்கும் மடுவத்திலேயே (கொழுந்துக் கொட்டகையிலேயே) முழுமையாகப் பதிந்து முடிய வேண்டும். அதை மேலே அனுப்புவது பிந்திய வேலை. எத்தனை தடவை அனுப்பினாலும் கேடு வராதபடி அது அமைய வேண்டும். மற்ற வழிகள் எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதுதான் மிச்சம்.

காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து என்று ஒரு நாளில் மூன்று தடவை நிறுக்கிறார்கள். பேர் விழ, அதாவது ஒரு நாள் சம்பளம் சேர, எத்தனை கிலோ வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆனால் மூன்றில் ஒரு நிறுவை தொலைந்தாலே முழுப்பேர் அரைப்பேராகிவிடும், மேலதிகக் கிலோவின் காசும் போய்விடும். சாக்குக்கு இத்தனை, தண்ணிக்கு இத்தனை என்று தராசடியில் கிலோ கழிபடுவதைப் பார்த்து வளர்ந்த சனம் இது. அவர்களிடம் போய், நெட்வொர்க் இல்லாததால் உங்கள் கிலோ ஏறவில்லை என்று சொல்ல எந்த மென்பொருளுக்கும் உரிமை கிடையாது.

மறுபக்கமும் உண்டு. ஒரே நிறுவை இரண்டு தடவை ஏறினால் கொழுந்தின் மொத்தம் ஊதிப்போகும். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை வர வேண்டும். அந்தக் கணக்கு இடிக்கும்போது சந்தேகம் தொழிற்சாலை உத்தியோகத்தர் மேல் விழும். ஆகவே தொலையவும் கூடாது, இரட்டிக்கவும் கூடாது.

இங்கே இணைப்பு அறுவதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்து இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். அந்திக் கொழுந்து தராசுக்கு வரும் நேரமும் அதுதான். மின்னல் ஒரு வெட்டு வெட்டினால் மின்கம்பி வழியாகவும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் ரவுட்டர் கருகும். தென்மேல் பருவமழையில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மரம் விழாத வாரம் குறைவு. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனது. அப்படியான நேரத்தில் தொலைபேசிக் கோபுரங்கள் பெட்டரி தாங்கும் வரைதான் உயிரோடிருக்கும். அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்ணைச் சரித்தபோது பல இடங்களில் வீதி, கரண்ட், தொலைபேசி மூன்றும் சேர்ந்தே இல்லாமல் போயின.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் மூன்று அறுப்புகளை அதன் முன்னே வைத்துக் கேட்பது என் வழக்கம். ரவுட்டர் அணைந்து எழும்பும் இரண்டு நிமிடம், கரண்ட் போன மூன்று மணி நேரம், மண் சரிந்த மூன்று நாள். மூன்றையும் ஒரே வழி தாங்குமா?

அறுப்பு கெடுப்பது எதை?

இணைப்பு அறுந்தால் தரவு தொலையும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதைவிடச் சிக்கலானது வேறொன்று. டெப்லட், இந்த 14 கிலோவைப் பதிந்துகொள் என்று சேவருக்கு அனுப்புகிறது. சேவர் பதிந்து, வட்டில் எழுதி, பதிந்தாயிற்று என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வரும் வழியில் மேற்கணக்கு (தோட்டத்தின் மேல் டிவிசன்) மடுவத்து ரவுட்டர் அணைந்துவிடுகிறது. டெப்லட்டுக்குத் தெரிவது பதில் வரவில்லை என்பது மட்டும். போன செய்தியே சேரவில்லையா, சேர்ந்து பதிந்தபின் பதில்தான் தொலைந்ததா என்று அது பிரித்தறிய முடியாது. திரும்ப அனுப்பினால் இரட்டிக்கலாம், அனுப்பாமல் விட்டால் தொலையலாம்.

இதை மென்பொருள் எழுதியவரின் கவனக்குறைவு என்று எண்ணக்கூடாது. 1975 இல் அக்கொயுன்லு, ஏகநாதம், ஹியூபர் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக்கட்டுரையில் இதே சிக்கலை எடுத்துக்காட்டினார்கள். 1978 இல் ஜிம் கிரே அதற்கு இரண்டு தளபதிகளின் கதை என்று பேர் வைத்தார். எதிரெதிர் மலைகளில் இரண்டு படைகள், நடுப்பள்ளத்தாக்கில் எதிரி. தூதன் வழியில் பிடிபடலாம் என்றால், எத்தனை தூதர்களை அனுப்பினாலும், இன்ன நேரத்தில் தாக்குவோம் என்பதை இருவரும் ஒருசேர உறுதியாக அறியவே முடியாது. கடைசியாக அனுப்பியவனுக்கு எப்போதும் சந்தேகம் மிஞ்சும். எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டராலும் இந்தச் சந்தேகத்தை நீக்க முடியாது. சந்தேகம் வந்தாலும் கேடு வராதபடி கணக்கை அமைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

கொழும்பு சேவரில் நேரடியாக எழுதுவது

அமைக்க எளிது, விலை குறைவு, தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தபடி அந்தந்த நிமிடக் கிலோவைப் பார்க்கலாம். விற்பனைக்கு வருகிறவர்கள் முதலில் காட்டுவதும் இதைத்தான். சிக்னல் நன்றாக இருக்கும் நாளில் இதில் குறையே தெரியாது.

ரவுட்டர் திடீரென்று செத்தால் நடப்பதைப் பாருங்கள். ஒழுங்காக இணைப்பை மூடிவிட்டுப் போனால் மறுமுனைக்கு ஒரு செய்தி போகும். மின்னல் அடித்த ரவுட்டர் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. சேவர் பக்கத்தில் இணைப்பு இன்னும் உயிரோடிருப்பதாகவே தோன்றும். லினக்ஸின் இயல்பான அமைப்பில், சும்மா இருக்கும் இணைப்பின் மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று தட்டிப்பார்க்கவே 7200 செக்கன், அதாவது இரண்டு மணி நேரம் எடுக்கும். பிறகு 75 செக்கனுக்கு ஒரு தரம் ஒன்பது தடவை தட்டிப்பார்த்துத்தான் கைவிடும். பாதியில் நின்ற பரிவர்த்தனை (ஒன்றாகவே முடிய வேண்டிய எழுத்து வேலை) அவ்வளவு நேரமும் தான் பூட்டிய வரிகளைப் பூட்டியபடியே வைத்திருக்கும். மேற்கணக்கில் ரவுட்டர் செத்ததற்காகக் கீழ்க்கணக்கு டெப்லட் சுற்றிக்கொண்டே இருப்பது இப்படித்தான். டெப்லட் பக்கத்திலும் அனுப்பிய தரவுக்குப் பதில் வராவிட்டால், மென்பொருள் தனக்கென்று ஒரு கால எல்லை வைத்துக்கொள்ளாதவரை, கால் மணி நேரத்துக்கு மேல் முயன்றுகொண்டே இருக்கும். தராசடியில் எண்பது பேர் கூடையோடு மழையில் நிற்கும்போது கால் மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு மருந்து உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்பைக் குறித்த நேரத்தில் வெட்டும் அமைப்பு 2016 இல் வந்த 9.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் வாங்கிவைத்த நிலையில் அது அணைந்தேதான் கிடக்கும், நாம்தான் போட வேண்டும். தட்டிப்பார்க்கும் இடைவெளியையும் ஒரு நிமிடமாகக் குறைக்கலாம். இவை இரண்டும் பூட்டுச் சிக்கலைத் தீர்க்கும். பதில் தொலைந்த சந்தேகத்தைத் தீர்க்காது. மூன்று மணி நேர அறுப்பில் நிறுவையே நின்றுபோவதையும் தீர்க்காது. அப்போது கணக்கப்பிள்ளை கொப்பியை எடுப்பார், இரவில் யாராவது கொப்பியைப் பார்த்துத் தட்டச்சு செய்வார்கள், ஏற்கனவே ஏறியது எது, ஏறாதது எது என்று அவருக்கும் தெரியாது. இரட்டிப்பு பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

நிறுவைக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரவுட்டரை இரண்டாக்குவது

ஒன்று போனால் மற்றது என்பது இயல்பான யோசனை. ஒரு பெட்டியில் இரண்டு சிம், அல்லது இரண்டு பெட்டி, அல்லது ஃபைபரோடு துணைக்கு 4ஜி. இரண்டு நிமிட அறுப்புக்கு இது நல்ல மருந்து. ஆனால் இரண்டு கம்பனிச் சிம் என்பதால் இரண்டு வழி என்று ஆகிவிடாது. பல இடங்களில் இரண்டு கம்பனியின் கருவிகளும் ஒரே கோபுரத்தில் தொங்கும், ஒரே மின்மாற்றியில் கரண்ட் எடுக்கும், ஒரே பள்ளத்தாக்கு வீதியோரம் ஃபைபர் இறங்கும். மண் சரிந்தால் சேர்ந்தே போகும். வாங்குவதற்கு முன் இரண்டின் கோபுரமும் எந்த மலையில் இருக்கிறது என்று கேட்டறியுங்கள். ஒன்று ஹட்டன் பக்கத்திலும் மற்றது தலவாக்கலைப் பக்கத்திலும் இருந்தால் காசுக்குப் பயன் உண்டு.

கருவி நன்றாக இருந்தாலும் தரவு குழம்பலாம் என்பதற்கு 2018 ஒக்டோபர் 21 ஆம் திகதி, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் நிறுவனத்துக்கு நடந்ததைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதடைந்துகொண்டிருந்த 100ஜி ஒளியிழைக் கருவி ஒன்றை வழக்கமான பராமரிப்பில் மாற்றினார்கள். இணைப்பு விட்டுப்போனது 43 செக்கன்தான். அதற்குள், தலைமைத் தரவுத்தளம் செத்துவிட்டது என்று தானியங்கி முடிவெடுத்து, தலைமைப் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் கடைசிச் சில செக்கன்களில் எழுதப்பட்டவை மேற்கில் இல்லை. மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. 43 செக்கன் அறுப்பைச் சரிசெய்ய 24 மணி 11 நிமிடம் சேவை குன்றியிருந்தது. அவர்களிடம் கருவிக்கும் ஆளுக்கும் பஞ்சம் இருக்கவில்லை. வெட்டு நேர்ந்த கணத்தில் எது உண்மைக் கணக்கு என்பதில் இரண்டு விடை உருவாகிவிட்டதுதான் சிக்கல். மாற்று வழி வைக்கும்போது தலைமையைத் தானாக மாற்றும் வசதியை வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒரு நிகழ்வு போதும்.

கருவிக்குச் செலவழிப்பதென்றால் எதில் முதலில்? யூபிஎஸ், இடியால் பாயும் மிகைமின்னைத் தடுக்கும் காப்பு, நிலத்தொடுப்பு. ஆபீசுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே வெளியில் ஓடும் செப்பு நெட்வொர்க் கம்பியைக் கழற்றி ஃபைபர் போடுவது நல்லது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஒரு முனையில் விழுந்த இடி மறுமுனைக் கருவியைக் கருக்காது. டிவிசனுக்கும் தொழிற்சாலைக்கும் ஒன்றையொன்று நேரே பார்க்கும் இடம் இருந்தால் 5 கிகாஹேர்ட்ஸ் வயர்லெஸ் பாலம் சொந்தமாகவே போடலாம். பனிமூட்டத்தால் அதற்குப் பெரிய பாதிப்பு இல்லை. குறுக்கே வளரும் டர்பன்டைன் மரக்கிளைதான் அதன் எதிரி. வருடத்துக்கு ஒரு தரம் ஆளை அனுப்பி வெட்டச் சொல்ல வேண்டும்.

தூரத்திலிருந்து ரவுட்டரின் அமைப்பை மாற்றும்போது செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. ரவுட்டருக்குள்ளும் ஒரு சின்னத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் தவறான ஒரு வரியை எழுதினால் அந்த ரவுட்டருக்குத் திரும்பப் போகும் வழியே அடைபட்டுவிடும். பிறகு டயகம மாதிரித் தூரத்து மலைத்தோட்டம் வரை ஆள் போக வேண்டும். ஜுனிப்பர் கருவிகளில், மாற்றத்தை உறுதிசெய் என்று மறுபடி சொல்லாவிட்டால் 10 நிமிடத்தில் பழைய அமைப்புக்குத் தானே திரும்பும் கட்டளை இருக்கிறது. மைக்ரோடிக் ரவுட்டர்களில் பாதுகாப்பு முறை என்ற ஒன்று உண்டு. இடையில் இணைப்பு அறுந்தால் அந்த அமர்வில் செய்த மாற்றங்களைக் கழற்றிவிடும். இவற்றைப் பாவிக்காமல் மலைக்கு மேலே உள்ள ரவுட்டரைக் கொழும்பிலிருந்து தொடுவதை நான் அனுமதிக்க மாட்டேன்.

இரண்டு இடத்தில் ஒருசேர எழுதுவது

தொழிற்சாலையில் ஒரு சேவர், கொழும்பில் ஒன்று. இரண்டிலும் பதிந்த பிறகுதான் பதிந்ததாகக் கணக்கு. கேட்கப் பத்திரமாக இருக்கும், வங்கிகளும் இப்படித்தான் என்று சொல்வார்கள். ஒரே கட்டடத்தில் உள்ள இரண்டு சேவருக்கு இது அருமையான வழி. இடையில் மலைப்பாதை வந்தால் நிலைமை தலைகீழ்.

போஸ்ட்கிரெஸில் ஒருசேர நகலெடுக்கும் முறை 2011 இல் 9.1 பதிப்போடு வந்தது. நகல் சேவர் பதில் தராவிட்டால் தலைமைச் சேவர் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்குக் கால எல்லையே கிடையாது. கொழும்பு இணைப்பு அறுந்தால் தோட்டத்து நிறுவை நிற்கும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் பாதி ஒருசேர முறை வேறு மாதிரி நடந்துகொள்ளும். இயல்பான அமைப்பில் 10 செக்கன் காத்திருந்துவிட்டு, நகல் வராவிட்டாலும் பரவாயில்லை என்று தனியே தொடரும். நிறுவை நிற்காது. ஆனால் எந்தப் பாதுகாப்புக்காக அதை வாங்கினோமோ அது பதினோராவது செக்கனில் இல்லை, அந்தச் செய்தியும் பதிவேட்டில் ஒரு வரியாகத்தான் கிடக்கும். ஒன்று வேலையை நிறுத்தும், மற்றது காவலை விடும். மூன்று மணி நேர அறுப்புக்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு கட்ட உறுதி என்ற முறையும் உண்டு. எல்லோரும் தயாரா என்று கேட்டு, தயார் என்றபின் பதியச் சொல்வது. தயார் என்று சொன்ன சேவர், இறுதிக் கட்டளை வரும்வரை பூட்டுகளை விடவும் முடியாது, தானாக முடிவெடுக்கவும் முடியாது. சேவரை அணைத்துப் போட்டாலும் அந்தப் பரிவர்த்தனை தொங்கியபடியே எழும்பும். போஸ்ட்கிரெஸ் இந்த வசதியை இயல்பாகவே அணைத்துத்தான் தருகிறது. தொங்கும் பரிவர்த்தனைகளைக் கண்காணித்து அவிழ்க்க ஓர் ஆள் இல்லாத இடத்தில் அதைப் போடவே கூடாது. எந்த டிவிசன் ஆபீசில் அப்படி ஓர் ஆள் இருக்கிறார்?

இந்த வகையில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: காத்திராத நகல். தொழிற்சாலைச் சேவர் தன் பாட்டில் பதிந்துகொண்டு போகும், கொழும்பு நகல் முடியும்போது பின்தொடரும். இது நல்லது, மலிவு, தொழிற்சாலைச் சேவர் எரிந்தாலும் ஏறக்குறைய எல்லாம் மிஞ்சும். ஒரு கண்ணி மட்டும் உண்டு. நகல் சேவர் வராத நாட்களில் அதற்காக எடுத்துவைக்கும் மாற்றக் கோப்புகள், ஒவ்வொன்றும் 16 எம்பி, குவிந்துகொண்டே போகும். மூன்று நாள் மண்சரிவில் வட்டு நிரம்பி, நன்றாக இருந்த தொழிற்சாலைச் சேவரும் படுத்துவிடும். 2020 இல் வந்த 13 ஆம் பதிப்பிலிருந்து இதற்கு மேல் எல்லை வைக்கலாம். அதையும் நாமே போட வேண்டும். எல்லையைத் தாண்டினால் நகலைப் புதிதாக எடுக்க வேண்டி வரும். அது ஓர் இரவு வேலை, சேவர் படுப்பதைவிட எவ்வளவோ மேல்.

மடுவத்திலேயே பதிந்து, பிறகு அனுப்புவது

டெப்லட்டுக்குள்ளேயே ஒரு முழுத் தரவுத்தளம் இருக்கட்டும். எஸ்க்யூலைட் போதும், எந்த டெப்லட்டிலும் அது ஏற்கனவே இருக்கிறது. தராசு எண் நிலைத்ததும் வரி உள்ளே பதிகிறது, தொழிலாளிக்கான துண்டுச்சீட்டு அச்சாகிறது, அடுத்த ஆள் வருகிறார். நெட்வொர்க் இருந்ததா இல்லையா என்பது தராசடியில் நிற்கும் அம்மாவுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தெரியவே வேண்டாம். பின்னணியில் ஒரு சிறு நிரல், அனுப்பாத வரிகளை எடுத்து அனுப்பிப் பார்க்கிறது, பதில் வந்தால் அனுப்பியதாகக் குறிக்கிறது, வராவிட்டால் பிறகு மறுபடி அனுப்புகிறது.

தளபதிகளின் சந்தேகம் இங்கேயும் வரும். தீர்வு, ஒவ்வொரு வரிக்கும் பிறக்கும்போதே மாறாத ஓர் அடையாள எண் கொடுப்பதில் இருக்கிறது. எண்ணைச் சேவர் கொடுக்கக் கூடாது, டெப்லட்டே கொடுக்க வேண்டும். மேற்கணக்கு டெப்லட் 3, வரிசை எண் 4127 என்ற வரி எத்தனை தடவை வந்தாலும் சேவர் ஒரு தடவைதான் பதியும். ஏற்கனவே இருந்தால் பேசாமல் விட்டுவிட்டு, பதிந்தாயிற்று என்றே பதில் சொல்லும். போஸ்ட்கிரெஸில், முரண்பட்டால் ஒன்றும் செய்யாதே என்ற அந்த ஒரு வரிக் கட்டளை 2016 இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. இனி டெப்லட் சந்தேகம் வந்த போதெல்லாம் தயங்காமல் திரும்ப அனுப்பலாம்.

வரிசை எண்ணை எழுந்தமானமாக இல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடர்ச்சியாக வைப்பதை நான் வற்புறுத்துவேன். எழுந்தமான எண் இரட்டிப்பைத்தான் தடுக்கும். தொடர் எண் தொலைந்ததையும் காட்டிக்கொடுக்கும். 4126 க்குப் பிறகு 4128 வந்தால் நடுவில் ஒருவருடைய கிலோ வழியில் நிற்கிறது என்று சேவரே கேட்டு வாங்கும். நேரத்தை வைத்து இதைச் செய்ய முடியாது. பெட்டரி முழுதாக இறங்கி எழும்பிய டெப்லட்டின் கடிகாரம் எந்த வருடத்தைக் காட்டும் என்று சொல்ல முடியாது. திகதியைப் பதியுங்கள், ஆனால் ஒழுங்குக்கு எண்ணை நம்புங்கள்.

பதிந்த வரியைத் திருத்துவதும் அழிப்பதும் வேண்டாம். 14 என்பதை 41 என்று பதிந்துவிட்டால், 41 ஐக் கழிக்கும் ஒரு வரியும் 14 ஐச் சேர்க்கும் ஒரு வரியும் புதிய எண்களோடு எழுதப்பட வேண்டும், யார் செய்தார் என்ற குறிப்போடு. திருத்தும் செய்தியும் பழைய செய்தியும் முன்பின்னாகச் சேவருக்குப் போனாலும் மொத்தம் மாறாது. அதோடு, யாரோ இரவில் கிலோவைக் குறைத்தார்கள் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

தரவின் அளவைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். ஒரு டிவிசனில் நூறு பேர் என்றால் நாளுக்கு முந்நூறு வரி. வரிக்கு 200 பைட் என்று வைத்தாலும் 60 கேபி. மூன்று நாள் சேர்ந்தாலும் 180 கேபி, ஒரு வாட்ஸ்அப் படத்தின் அளவு. 2ஜி சிக்னல் ஒரு கோடு வந்தாலும் போய்விடும். சிக்னலே இல்லாத மடுவமென்றால் கொழுந்து லொறியோடு டெப்லட் தொழிற்சாலைக்குப் போய் அங்கே வைஃபையில் இறக்கிவிட்டுத் திரும்பலாம்.

இந்த வழியின் பலவீனத்தையும் பார்க்க வேண்டும். அனுப்பும்வரை அந்தக் கணக்கின் ஒரே பிரதி டெப்லட்டில் இருக்கிறது. தண்ணியில் விழலாம், களவு போகலாம். எஸ்க்யூலைட்டின் அமைப்பில் வேகத்துக்காக வட்டுக்கு எழுதுவதைச் சற்றுத் தளர்த்தி வைத்திருந்தால், பெட்டரி சட்டென்று விட்டுப்போகும்போது கடைசி வரிகள் காணாமல் போகலாம். தரவுத்தளம் கெடாது, ஆனால் அந்த வரிகள் இருக்காது. நிறுவை வேகத்துக்கு அந்தச் சலுகை தேவையே இல்லை, முழுப் பாதுகாப்பு நிலையில் வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு பிரதிக்கு, மடுவத்திலேயே கணக்கப்பிள்ளையின் போனுக்கு வைஃபையில் நேரடியாக ஒரு நகல் போகும்படி செய்யலாம். இரண்டும் ஒரே பையில் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துண்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையைக் குறைக்கும்போது முதலில் வெட்டுவது அந்தச் சின்ன அச்சுப்பொறியைத்தான். தமிழில் பேர், நிறுத்த கிலோ, கழித்தது எவ்வளவு, எதற்காக, அன்றைய மொத்தம், வரிசை எண். இவ்வளவும் ஒரு விரல் நீளத் தாளில் அடங்கும். அது தொழிலாளியின் கையில் இருக்கும் பிரதி. தோட்டத்தின் எந்தச் சேவரும் செத்தாலும் அது சாகாது. மறுநாள், “ஐயா, நேத்து அந்திக் கொழுந்து ஏறலயே” என்று ஒருவர் வந்தால், “துண்டைக் குடுங்கம்மா” என்று வாங்கி எண்ணைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் விடை வரும். வெப்ப அச்சுத் தாள் வெயிலிலும் ஈரத்திலும் மங்கும், சம்பளம்வரை தாங்கினால் போதும். மாதம் முடிந்து பத்து நாட்களுக்குள் சம்பளம் கொடுபட வேண்டும் என்பதால் அதிகம் போனால் நாற்பது நாள். கிலோவைக் கழிப்பதற்குக் காரணம் எழுத வேண்டியிருப்பதே பல கழிவுகளை நிறுத்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேலிருந்து கீழே வரும் தரவுக்கு வேறு கவனம் வேண்டும். ஆட்களின் பட்டியல், புதிதாகச் சேர்ந்தவர், டிவிசன் மாறியவர் எல்லாம் டெப்லட்டுக்கு இறங்க வேண்டும். பாதிப் பட்டியல் இறங்கியபோது சிக்னல் போனால், பாதி ஆட்களின் பேர் இல்லாத டெப்லட்டோடு காலைப் பெரட்டில் (ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில்) நிற்க நேரும். ஆகவே பழைய பட்டியலின் மேல் எழுதக் கூடாது. புதியதைத் தனிக் கோப்பாக இறக்கி, முழுதாக வந்ததா என்று சரிபார்ப்பு எண்ணால் பார்த்து, சரியென்றால் மட்டும் ஒரே அசைவில் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். பழையதை ஒரு வாரம் வைத்திருங்கள்.

எங்கே இது பொருந்தாது

நிறுவை என்பது கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. இரண்டு இடத்தில் தனித்தனியே பதிந்து பிறகு சேர்த்தாலும் மொத்தம் ஒன்றே. இருப்பிலிருந்து கழிக்கும் கணக்கு அப்படி இல்லை. தீபாவளி முற்பணம், கூட்டுறவுக் கடைக் கடன், சேமிப்பிலிருந்து எடுக்கும் காசு, பசளை ஸ்டோர் இருப்பு: இவற்றில் இரண்டு கவுண்டர் தனித்தனியே ஒரே மிச்சத்தைப் பார்த்து இரண்டு தடவை கொடுத்துவிடலாம். இணைப்பு அறுந்த நேரத்தில் ஒன்று வேலையை நிறுத்த வேண்டும், அல்லது இரண்டு இடமும் முரண்படும் அபாயத்தை ஏற்க வேண்டும். 2000 இல் எரிக் புரூவர் முன்வைத்து, 2002 இல் கில்பேர்ட், லிஞ்ச் இருவரும் நிறுவிய முடிவு இது, தப்பிக்க வழியில்லை. இப்படியான கணக்குக்கு நேரடியாகச் சேவரில் எழுதுவதே சரி, அதே மாறாத கோரிக்கை எண்ணோடு. இணைப்பு இல்லாத நாளில் ஆளுக்கு ஒரு சிறு தொகைவரை கொடுக்கலாம் என்று நிர்வாகமும் சங்கமும் பேசி ஓர் எல்லை வைக்கலாம். அந்த எல்லை எவ்வளவு என்பதை மனிதர்கள்தான் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

ஆகவே ஒரு நடுத்தரத் தோட்டத்துக்கு நான் எழுதிக் கொடுப்பது இதுதான். மடுவத்தில் டெப்லட்டும் துண்டு அச்சுப்பொறியும், தொடர் எண்ணோடு. தொழிற்சாலையில் யூபிஎஸ்ஸோடு ஒரு சிறிய சேவர். அங்கிருந்து கொழும்புக்குக் காத்திராத நகல், குவியும் கோப்புக்கு எல்லை வைத்து. முற்பணமும் கடையும் தொழிற்சாலைச் சேவரில் நேரடியாக. இரண்டாவது ரவுட்டர் காசு மிஞ்சினால், அதுவும் வேறு கோபுரமாக இருந்தால். மாதக் கணக்கை மூடும் முன், ஒவ்வொரு டெப்லட்டின் கடைசி எண்ணும் சேவரிடம் வந்துவிட்டதா, நடுவில் ஓட்டை இல்லையா என்று பார்க்கும் கட்டாயம் மென்பொருளிலேயே இருக்க வேண்டும். அது தேறாமல் செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு) மூடக் கூடாது.

எந்த விற்பனையாளரோடும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று சோதனை செய்து பாருங்கள். நிறுவை நடக்கும்போது ரவுட்டரின் மின்கம்பியை இழுங்கள், வரிசை நிற்கிறதா என்று பாருங்கள். துண்டு அச்சாகி முடிந்த கணமே டெப்லட்டை வலுக்கட்டாயமாக அணைத்து எழுப்பி, கடைசி வரி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது கொஞ்சம் கடினம், முக்கியமானதும் அதுதான்: செய்தி சேவருக்குப் போகட்டும், சேவரின் பதில் மட்டும் திரும்பாதபடி ரவுட்டரில் ஒரு தடை விதி போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு தடையை எடுங்கள். கடைசியில் டெப்லட்டில் உள்ள வரிகளின் எண்ணிக்கை, மொத்தக் கிலோ, கடைசி வரிசை எண் ஆகிய மூன்றும் சேவரில் உள்ளவற்றோடு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். அரைக் கிலோ வித்தியாசம் வந்தாலும் அந்த மென்பொருளைத் திருப்பி அனுப்புங்கள்.